கதிரை இழுபடும் சத்தம்

பிழை விட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருப்பதற்காக வகுப்பில் கதிரையை இழுத்தேன். சீமெந்துத் தரையில் அது கிறீச்சிட்டதும் சின்ன வயதில் நாங்கள் இருந்த லிங்கநகர் வீட்டு விறாந்தை நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாவும் கணக்கு டீச்சர். பின்னேரங்களில் விறாந்தையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். சாம்பல்தீவிலிருந்து வரும் கோமதிக்குப் பின்னம் ஏறவே ஏறாது. அம்மா கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அவளை ஒட்டி இருப்பார். "எங்க பிழைச்சது எண்டு பாப்பம், பிள்ளை" என்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் அம்மாவின் தலை நிமிராது. என் கொப்பியில் எல்லாம் சரி என்பதால் எனக்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். கோமதியின் பின்னலில் மணக்கும் நல்லெண்ணெயைக்கூட நான் வெறுத்தேன்.

ஒருநாள் வேண்டுமென்றே ஒரு விடையைப் பிழையாக எழுதிக்கொண்டு போனேன். அம்மா நின்றபடியே பார்த்தார்.

"உனக்கு இது தெரியும். அழிச்சுப்போட்டுச் செய்."

கதிரை மறுபடி கோமதியிடம் போனது.

நான் ஏன் ஆசிரியையானேன் என்று கேட்பவர்களுக்கு என்னென்னவோ சொல்வேன். உண்மையில் அந்தக் கதிரைதான் காரணம். அதனால் என் வகுப்பில் சரியாகச் செய்பவர்களுக்குப் பக்கத்திலும் போய் இருப்பேன்.

இன்றும் அடுத்ததாக முன்வரிசைக் கெட்டிக்காரியின் பக்கத்தில் கதிரையைப் போட்டேன்.

"டீச்சர், என்ர கணக்கு எல்லாம் சரிதானே? ஏன் எனக்குப் பக்கத்தில வந்து இருந்தனீங்கள்?"

"சரிதான் பிள்ளை. எப்படி யோசிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ, கேப்பம்."

அவள் முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கினாள். எனக்கு அவள்மேலும் பொறாமையாக இருந்தது.