வேலிக்கு அப்பால் ஒரு நாசகாரி

எழுபதுகளில் மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கனடாக்காரர் இருந்தார். இந்த ஊர்ப் பெண்ணை மணந்து வந்தவர். மனைவி இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. யுத்தகாலத்தில் கனடாக் கடற்படையின் டிஸ்ட்ரோயர் ஒன்றில் வேலை செய்திருந்தார். அது என்ன கப்பல் என்று அம்மா கேட்டபோது, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைத் தமிழை இங்கேயும் விடாத அப்பா, "நாசகாரி" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டில் நாசகாரி நான்தான். பாலைக் கொட்டினால், கிளாஸை உடைத்தால் குசினியிலிருந்து அந்தச் சொல்தான் வரும்.

எட்டு வயது வாய் சும்மா இருக்குமா? வேலியடிக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அம்மா "எடியே நாசகாரி!" என்று கத்தினால், "இதோ இருக்கிறேன், மேடம்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஆங்கிலத்தில் பதில் வரும். "ஐயோ, அந்த மனுசனுக்குக் கேட்டிட்டுது" என்று அம்மா யன்னலைச் சாத்துவார்.

அந்த ஏப்ரலில், இங்கே வருடாவருடம் வரும் போர்வீரர் நினைவு நாளுக்காக, யுத்தத்துக்குப் போன ஒருவரின் கதையை எழுதிவந்து வாசிக்கும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் துவக்கைத் தொட்டதில்லை. அவரிடம் போனேன். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக அத்திலாந்திக்கைக் கடந்ததையும், மேல்தளத்தில் உறைந்த பனியைக் கோடரியால் கொத்தியதையும் சொன்னார். ஒருநாள் காலை, எதிரியின் நீர்மூழ்கி ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்ததாம். அதிலிருந்தவர்கள் தண்ணீரில் கிடந்து கை காட்டினார்களாம். நாசகாரி அவர்களை நோக்கிப் போனதாம்.

"எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள், அங்கிள்?"

"நீர்மூழ்கி அவர்களுக்கு நேர் கீழே இருந்தது" என்றார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும். முடிவில்லாத கதையை வாசித்தால் சிரிப்பார்கள். மறுபடி கேட்கவும் பயம். ஆகவே முடிவை நானே எழுதினேன். நாசகாரி எல்லோரையும் தூக்கியெடுத்து, கம்பளி போர்த்தி, சூடாகக் கொக்கோ கொடுத்தது.

அவரையும் அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் கழுத்துப்பட்டியோடு இருந்தார். நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழையாக எழுதிவிட்டேனோ என்று தாளை மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

"கொக்கோ சரிதானே, அங்கிள்?" என்று வழியில் கேட்டேன்.

"கப்பலில் கொக்கோ இருந்தது" என்றார்.

அன்று பின்னேரம் அவர் அம்மாவிடம் வந்து, அந்தச் சொல்லால் இனிப் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று.

"பகிடி விட்டுக்கொண்டிருந்த மனுசன், இப்ப என்ன வந்தது?"

"நீர் கத்துற கத்தலில பிள்ளையில இரக்கம் வந்திருக்கும்" என்றார் அப்பா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதன் பிறகு அம்மா வாய்தவறி அப்படிக் கத்தினாலும் வேலிக்கு அப்பாலிருந்து பதில் வரவேயில்லை.

இப்போது எனக்கும் ஒரு மகள். அவளை ஏசுவதற்கு முன் மூன்று தரம் யோசிக்கிறேன். ஏசிய பிறகும் யோசிக்கிறேன். அவளுடைய பாடத்துக்காக நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அதைப் படித்தேன். நீர்மூழ்கியைத் தாக்க நாசகாரிகள் கடலுக்குள் குண்டுகளை உருட்டிவிடுமாம். மேலே தண்ணீரில் கிடப்பவர்களை அந்த வெடிப்பு விட்டுவைக்காதாம்.

அன்று அவர் அம்மாவிடம் எனக்காகத்தான் பேசினார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.