மாதா கோயில் ஸ்பீக்கருக்குள் சூளைப் பஞ்சு

லாரன்ஸ் பொய் சொல்கிறார். மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு இருமல் வந்ததும் கழுத்து அரித்ததும் நான் கட்டிய ஸ்பீக்கர் பெட்டியால்தான் என்று விருத்தாசலத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் எல்லாரிடமும் இன்றுவரை சொல்லி வருகிறார். அந்தப் பேச்சால் எனக்கு வர வேண்டிய கோயில் வேலை எல்லாம் சேத்தியாத்தோப்புப் பட்டறைகளுக்குப் போய்விட்டது. நடந்ததை எழுதுகிறேன். புதிதாகப் பெட்டி கட்ட வருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

1. வெறும் பெட்டி

நான் கார் சீட் தைத்துக்கொண்டிருந்தவள். ரெக்சின் ஒட்டத்தான் பெட்டிப் பட்டறைக்குப் போனேன். இரண்டாயிரமாம் வருடத்துக்குப் பிறகு சொந்தமாகவே பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

உள்ளே ஒன்றும் போடாத பெட்டி முனகும். ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் தள்ளுகிறது. அந்தச் சத்தம் பலகையில் முட்டித் திரும்பி வந்து பேச்சைக் கெடுக்கும். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். அதனால் உள்பலகைகளில் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டி, ஸ்டேப்ளரும் அடிப்பேன். மூலைகளுக்குப் பஞ்சைக் காடாத் துணியில் பையாகத் தைத்து வைப்பேன். பாஸ் என்கிற அடிச்சத்தம் வெளியே வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் எதையும் வைக்க மாட்டேன்.

மாதா கோயிலுக்கு இரண்டு பெட்டி இப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். பிரசங்கம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் வெளியே வந்து, "கெடுத்தியேம்மா! இத்தினி நாளா ஒண்ணும் கேக்காம நிம்மதியா தூங்குனேன்" என்றார்.

2. கழற்றிப் பார்த்தோம்

மறு வருட மழையில் கூரை ஒழுகி, ஒரு பெட்டிக்குள் ஃபெல்ட் நைந்துவிட்டது. கோயில் சவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்த லாரன்ஸ் எனக்குச் சொல்லாமல் இரண்டு பெட்டியையும் பிரித்தார். அவர் மச்சானுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. சூடு வெளியே வராமல் இருக்கச் சூளைக் கதவில் ஒட்டும் வெள்ளைப் பஞ்சு மெத்தையின் மிச்சத் துண்டுகள் அங்கே கிடக்கும். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும். பீங்கான் சூளைகள் நிறைந்த நம் ஊர்க்காரருக்குத்தான் இந்த யோசனை வரும். அதை வாரிக்கொண்டு வந்து, துணிகூடச் சுற்றாமல், ஓட்டை வாய் வரைக்கும் திணித்தார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அது பஞ்சே இல்லை. நுணுக்கமான ஊசி இழை. ஒவ்வொரு பாஸுக்கும் பெட்டி அந்த ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது. இழை உதிர்ந்து, பெட்டிக்குக் கீழே நின்று பாடுகிறவர்கள் மேல் இறங்கியது. அவர்கள் அரிக்கிறது என்று முறையிட்டபோது, "அந்தக்கா போட்ட மரம் செல்லரிச்சிக் கொட்டுது" என்று பூசை முடிந்ததும் எல்லார் எதிரிலும் லாரன்ஸ் சொன்னார்.

சேதி கேட்டதும் ஓடினேன். "ஃபாதர், என் கண்ணு முன்னாடி கழட்டச் சொல்லுங்க" என்றேன். பூசை உடுப்பு மாற்றும் அறையில் ஃபாதர், லாரன்ஸ், பாட்டுக் குழுவிலிருந்து மேரி, நான் மட்டும். பின்பலகையை எடுத்ததும் வெள்ளையாக ஒரு பொதி விழுந்தது. மேரி பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கலர் அடிப்பவள்.

"ஐய! இது எங்க சூளைக் கதவுல ஒட்டுறதுங்க ஃபாதர். இத்தத் தொடுறவங்கள மூக்குல துணி கட்டச் சொல்லுவாங்க" என்றாள்.

"இன்னா லாரன்சு, என் மரத்துல பஞ்சு காச்சிருக்குதா?" என்றேன்.

"தீப் புடிக்காதுன்னுதான் போட்டேங்க்கா."

"கோயில்ல இன்னா சூளையா கொளுத்துறாங்க?"

ஃபாதர் நடுவில் வந்தார். "விடும்மா. லாரன்ஸே எல்லார்கிட்டயும் சொல்லிடுவாரு."

லாரன்ஸ் தலையாட்டினார். சொல்லவில்லை. ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஃபெல்ட் ஒட்டிக் கொடுத்தது நான்தான். இருமலும் அரிப்பும் நின்றன. என் பேர் மட்டும் கெட்டது கெட்டதுதான்.

பெட்டி கட்டுகிறவர்களே, உள்ளே போடுவது உள்ளேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். காற்று போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகும். உங்கள் பிள்ளையின் தலையணைக்குள் வைக்கத் தயங்குகிற பொருளைப் பெட்டியில் வைக்காதீர்கள். எதை வைத்தாலும் துணியில் தைத்து வையுங்கள்.

லாரன்ஸ், இப்போது நீங்கள் சவுண்ட் சர்வீஸ் சங்கத் தலைவர். என் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். வருகிற சங்கக் கூட்டத்துக்கு நான் வருவேன், கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மேரியும் வருவாள். மேடையில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அந்தப் பஞ்சை வைத்தது யார்?