கருங்கல் வீட்டுக்காரர்

படூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒல்லியானவர். வீடு கட்டும்போதே மாலையில் தெருவோரம் நாற்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். காலண்டரில் கண்ட இங்கிலாந்து பங்களா மாதிரியே கருங்கல் சுவர், உயர்ந்த ஜன்னல், கூடத்தில் குளிர்காயும் கணப்பு, கூரையில் புகைபோக்கி. வெளியே படூர் வெயில்.

கிரகப்பிரவேசத்தன்று மனைவி சமையலறைக்குக் கூப்பிட்டும் கேட்காமல், கணப்பில்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று நின்றார். விறகு பற்றியதும் கூடமெங்கும் புகை. பால் பொங்கியதை யாரும் பார்க்கவில்லை; இருமிக்கொண்டே வெளியே ஓடினோம்.

"இன்னா மாமா, புகை மேல போவ வழி கீதா இல்லியா?" என்று அவருடைய மச்சான் கத்தினார்.

அவர் கரி படிந்த வேட்டியோடு தலை குனிந்து நின்றார். "மழ பேஞ்சா உள்ள ஊத்துமேன்னு நான்தாம்பா சிலாப் போட்டு மூடச் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் என்னிடம் மட்டும் கேட்டார்: "வூடு நல்லாத்தானே சார் கீது?"

இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் நாற்காலி திரும்பியிருந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டி, எங்கள் பால்கனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மாலையில் நான் பால்கனிக்குப் போவதில்லை.