வெள்ளைக்காரன்ட பாங்க்

துறைமுகத்துக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கதவோடு இருந்த அந்த வங்கியை ஊரில் எல்லோரும் "வெள்ளைக்காரன்ட பாங்க்" என்றுதான் சொல்வோம். முதலாளிமார் எந்த நாட்டவர் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. தலைமையகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது, அது போதும். கிண்ணியாவிலிருந்து வரும் மீன் வியாபாரிகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். பக்கத்து அரசாங்க வங்கிக்குள் சேற்றுக் காலோடு நுழைகிறவர்களும் அவர்கள்தான். நானும் கழற்றியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

என் கணவரும் நானும் ஐஸ் ஃபக்டரி நடத்தினோம். கிண்ணியா, கட்டைபறிச்சான் மீன்பிடி வள்ளங்களில் பாதிக்கு எங்கள் ஐஸ்தான். உழைத்ததையெல்லாம் அந்த வங்கியில் போட்டோம். அதற்கு இவர் சொன்ன நியாயம் ஊர் முழுக்கச் சொன்ன நியாயம்தான்.

"நாடு கவிழ்ந்தாலும் வெள்ளைக்காரன்ட காசு வெளியிலையெல்லோ கிடக்கு. எங்களுக்கு என்ன பயம்?"

நாடு கவிழ்ந்தது. நாட்டில் டொலர் வற்றி, பெற்றோல் வரிசையில் ஆட்கள் படுத்தெழும்பிய அந்த நாட்களில்தான் எங்கள் பெரிய கொம்பிரசரைச் சுழற்றும் சாஃப்ட் தண்டு உடைந்தது. பட்டறையில் ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. புதியதை வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் வங்கி எல்.சி. திறக்க வேண்டும். சாமானைக் கப்பலில் ஏற்றினால் காசு வரும் என்று விற்கிறவனுக்கு வங்கி கொடுக்கும் வாக்குறுதி அது. அதற்குப் போதுமான ரூபாய் எங்கள் கணக்கில் இருந்தது. இவர் கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நல்ல சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன்.

மனேஜர் எங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் சாப்பிட்ட மனிதர். இருக்கச் சொல்லிவிட்டு, இவருடைய முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"அண்ணை, என்ரை கையிலை ஒண்டும் இல்லை. மேலிடத்திலை இலங்கைக்கெண்டு, இவ்வளவுக்குத்தான் பொறுப்பு நிக்கலாமெண்டு ஒரு அளவு வைச்சிருந்தவை. இப்ப அதை மூடிப்போட்டினம்."

"நாங்கள் இலங்கை இல்லையே தம்பி. உங்கட கஸ்டமரெல்லோ" என்றார் இவர்.

"அவைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப வெளியிலை கிடக்கிற எங்கட காசு?"

மனேஜருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் குரல் இறங்கிவிட்டது.

"அது வெளியிலை இல்லை அண்ணை. நீங்கள் போட்டது ரூபாய். அது இஞ்சதான் கிடக்கு. டொலருக்கு எல்லாப் பாங்கும் ஒரே வரிசையிலைதான் நிக்குது."

எனக்கு வந்ததே கோபம். "வாங்கேக்கை ஊர்ப் பாங்க், குடுக்கேக்கை மட்டும் வெளிநாட்டுப் பாங்கோ?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்த மனிதர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். எங்களைக் கண்ணாலும் காணாத எவனோ, தலைமையகத்தில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் பெயருக்கு நேரே கோடு கிழித்திருக்கிறான். எங்கள் இத்தனை வருட நாணயமும் அந்தக் கோட்டோடு போயிற்று.

அரசாங்க வங்கிக்கு ஓடினோம். எண்ணெய்க்கும் மருந்துக்குமே டொலர் காணாது, அதிலும் உங்களுக்கு இங்கே கணக்கே இல்லையே என்றார்கள். அதில் பிழையும் இல்லை. அவர்களுடைய வாசலை மிதிக்காமல் காலத்தைக் கழித்தவர்கள் நாங்கள்.

வள்ளக்காரர் ஐஸுக்கு வேறு இடம் பார்த்தார்கள். கணக்கில் இருந்த ரூபாய் சம்பளத்திலும் ஏறிய விலைவாசியிலும் கரைய, வேலையாட்களை ஒவ்வொருவராக நிறுத்தினோம். கொஞ்சக் காலத்தில் வெள்ளைக்காரன்ட பாங்கும் தன் கிளைகளை உள்ளூர் வங்கி ஒன்றுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. ஒருநாள் பார்த்தால் பலகை மாறியிருந்தது. எங்கள் கணக்கும் கைமாறியிருந்தது, எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் டொலர் தேடி இவரே வளைகுடாவுக்குப் போனார். ஃபக்டரியைக் கொம்பிரசரோடு சேர்த்துப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துத்தான் பயணச் செலவைப் பார்த்தோம். தலை நரைத்த பிறகு, யாரோ ஒருவரின் குளிர்க் களஞ்சியத்தில் மெக்கானிக் வேலை. போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குள்ளேயே ஃபோன் எடுத்தார். சாப்பாடு சரியா, படுக்க இடம் சரியா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பிறகு தானாகவே சொன்னார்.

"இஞ்ச எங்கட கொம்பிரசர் மாதிரியே வரிசையா நிக்குதப்பா. அந்த சாஃப்ட் ஸ்டோரிலை தூசி பிடிச்சுக் கிடக்கு. ஆரும் திரும்பியும் பாக்கிறேல்லை."

"ஒண்டைக் களவெடுத்துக்கொண்டு வாங்கோவன்" என்றேன், அவரைச் சிரிக்கவைக்க.

அவர் சிரிக்கவில்லை.

"கொண்டுவந்து எதிலை பூட்டுறது?" என்று கேட்டார்.