படியில்லாத வாசல்

என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று நான் சாமி கும்பிடவில்லை. சாமியைத் திட்டினேன். பதினெட்டாம்படிக் கருப்பனைக் குலசாமியாகக் கொண்ட வீட்டுப் பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். தகப்பனிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

என் பெயர் செல்வி. ஒத்தக்கடையில் குடியிருக்கிறோம். அவருக்கு விமான நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை. பயணிகள் இறங்கியதும் விமானத்துக்குள் ஏறி, சீட்டுகளைத் துடைத்து, குப்பையை அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். விமானத்தின் கதவு கிட்டத்தட்ட ஒரு மாடி உயரத்தில் இருக்கும். அதை ஒட்டி ஓர் ஏணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'ஸ்டெப்' என்பார்கள் அதை. ஸ்டெப்பை எடுப்பதற்கு முன்னால் மேலே கதவைச் சாத்திவிட வேண்டும். அதுதான் சட்டம்.

போன வருடம் வைகாசியில் ஒரு மத்தியானம். விமானம் தாமதமாக வந்ததால் எல்லோருக்கும் அவசரம். உள்ளே இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்துக் கீழே ஸ்டெப்பை நகர்த்திவிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. குப்பை மூட்டை கனத்தால் அதை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குவது இவர்கள் பழக்கம். திரும்பிப் பார்ப்பதில்லை. படி அங்கேதானே இருக்கும் என்ற தைரியம். அன்றைக்கும் இவர் அப்படித்தான் காலை வைத்தார். படி இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவசரம் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடியே கிடப்பார். முகம் துடைத்துவிட்டால், "நீ சாப்ட்டியா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியாமல் வெளியே போய் அழுதுவிட்டு வருவேன்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று, கோபத்தோடு அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். கருப்பன் வாசலில் சிலை கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. கதவுக்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் படி.

"படிக்குக் காவல் இருக்குற சாமின்னுதான ஒன்னயக் கும்பிடுறோம்? எம் புருசன் கால் வைக்கையில படி எங்க போச்சு? நீ எங்க போன? அவர நடந்து வர வையி. அவரு கூடத்தான் இனி இந்த வாசலுக்கு வருவேன்."

சூடம்கூடக் கொளுத்தாமல் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் வார்டுக்கு வந்தால், வாசலில் ரபீக் அண்ணன். அன்றைக்கு ஸ்டெப் வண்டியை ஓட்டியவர் அவர்தான். தினமும் வருவார், உள்ளே வராமலே போய்விடுவார் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லைதான். ஆனால் அன்று, சாமியையே திட்டித் தீர்த்துவிட்டு வந்த வாயில் அவருக்கென்று ஒரு திட்டும் மிச்சமில்லை.

"உள்ள வாங்கண்ணே. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காரு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா வருவேன்? அஞ்சு வேளையும் அவனுக்குத்தான் துஆ செய்யுறேன்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வைக்கு மேலேயே இவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இவர் முகம் சுளித்தார்.

"மாப்ள, உள்ளங்கால விடுறா. அரிக்குது."

நானும் ரபீக் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போர்வையை விலக்கிச் சொறிந்துவிட்டேன். "இன்னுங் கொஞ்சம் கீழ" என்றார். சொறியச் சொறியக் கண்ணீர் கொட்டியது. "அரிப்புக்கு எதுக்குடி அழுவுற?" என்றார். புருஷனுக்குக் கால் அரித்ததற்காகச் சாமிக்கு நன்றி சொன்ன பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தண்டுவடத்தில் வீக்கம் வடிகிறது, அதனால்தான் உணர்ச்சி திரும்புகிறது என்றார் டாக்டர். அவர் வைத்தியத்துக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் என் அழுகை யார் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆடியில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு இவர் கருப்பன் வாசலுக்கு நடந்து வந்தார். நான் சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் நீ எங்கே போனாய் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற குறை உள்ளே இருந்தது. இவர் அந்தக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செல்வி, படிக்கே காவல் இருக்குற சாமி. அவரே கதவச் சாத்தித்தான வச்சிருக்காரு. அன்னிக்கு நாங்கதான் பிளேன் கதவத் தெறந்து போட்டுட்டோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கும் சாமி எங்கேயும் போகவில்லை.

தை பிறந்ததும் இவர் வேலைக்குத் திரும்பினார். இப்போது கடைசி ஆளாக இறங்குபவர் இவர்தான். கதவைச் சாத்தி, அதில் கையால் தட்டி, "கருப்பா!" என்று குரல் கொடுத்துவிட்டுப் படியிறங்குவார். அவர் தரையில் கால் வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரபீக் அண்ணன் 'பிஸ்மில்லா' சொல்லி வண்டியை எடுப்பார்.

உயரத்தில் வேலைக்குப் போகிறவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் சொந்தங்களே, உங்கள் சாமியிடம் அழுங்கள், சண்டை போடுங்கள். நிச்சயம் கேட்பார். பாரத்தை அவர்மேல் போடுங்கள். பாதுகாப்பு பெல்ட்டை மட்டும் அவர்கள் இடுப்பில் போடச் சொல்லுங்கள்.

இப்போதும் வீட்டுக்கு வந்ததும் எங்கள் கதவைச் சாத்தி ஒரு தட்டுத் தட்டுகிறார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியா?" என்கிறார். இல்லை, உங்களோடு சாப்பிடத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.