பத்துக்கு எத்தனை?

வீடு வீடாகப் போய் வயசானவர்களிடம் வலிக்கு மார்க் கேட்பதுதான் என் உத்தியோகம்; போகிற இடமெல்லாம் காபி கிடைக்கும், மார்க் மட்டும் கிடைக்காது.

புற்றுநோய் முற்றிப்போய், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டவர்கள்தான் என் நோயாளிகள். ஸ்கூட்டரில் போய்ப் புண்ணைத் துடைத்துக் கட்டுவேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்டு, அந்த வீட்டிலேயே இருக்கிற நோட்டில் எழுதுவேன். அதை டாக்டரிடம் போனில் சொன்னால் மார்ஃபின் மாத்திரை எத்தனை என்று அவர் சொல்வார். நம்பரைக் குறைத்துச் சொன்னால் மாத்திரையும் குறையும். அடுத்த தடவை நான் போகிறவரை கிடந்து துடிக்க வேண்டியதுதான். வீட்டில் யாரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

நான்கிலேயே நின்றவர்

திருவெறும்பூரில் ஒரு பெரியவர். ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்து ரிடையர் ஆனவர். நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஒருக்களித்துப் படுக்கவே ஐந்து நிமிஷம் ஆகும், அதற்குள் பனியன் தொப்பலாக நனைந்துவிடும். நம்பர் கேட்டால் நான்கு என்பார். போன வாரமும் நான்கு, அதற்கு முந்தின வாரமும் நான்கு.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். அப்போ பத்து என்றால் என்னதான் சார் என்று கேட்டுவிட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "பத்துன்னா மெஷின் நின்னு போச்சுன்னு அர்த்தம். நான் இன்னும் ஓடிக்கிட்டுதானம்மா இருக்கேன்."

பூஜ்யம் போட்ட மாமா

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி மாமாவுக்குக் குடலில் ஆரம்பித்து ஈரல்வரை வந்துவிட்டது. அவரிடம் நம்பரே கிடையாது. எது கேட்டாலும் பெருமாள் சங்கல்பம் என்று கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறது என்று சொன்னால் பெருமாள்மேல் குறை சொன்னதாகிவிடும் என்று அவருக்கு எண்ணம். நானும் மூன்று வாரம் பூஜ்யம் எழுதினேன். எழுதின கையை ஒடிக்க வேண்டும்.

நான்காவது வாரம் வழியனுப்ப வாசலுக்கு வந்த மாமி தானாகவே ஒன்று சொன்னார். மாமா தினமும் காலையில் முப்பது பாசுரம் நிறுத்தாமல் சேவிப்பவராம். இப்போதெல்லாம் இரண்டு முடிவதற்குள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறாராம். எப்போதிலிருந்து என்றேன். ஒரு மாசமாக என்றார். ஏன் மாமி முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துதான் போயிற்று. மாமி நிதானமாகச் சொன்னார்: "நீங்க நம்பர்தானேம்மா கேட்டேள். பாசுரம் எத்தனைன்னு கேக்கலையே."

வீட்டு நோட்டும் என் நோட்டும்

பாலக்கரையில் ஒரு சந்து, மாடியில் ஒற்றை அறை. சரோஜாம்மாவும் மகன் செந்திலும்தான். அம்மாவுக்கு மார்பில் வந்தது எலும்புக்குப் போய்விட்டது. நான் போகிற நேரத்துக்குக் கடையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு செந்தில் வந்துவிடுவான். நான் நம்பர் கேட்டதும் அந்தம்மா முதலில் மகன் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் வாயைத் திறந்து, ரெண்டு என்பார்.

அன்றைக்கு அவன் எனக்குக் காபி வாங்கக் கீழே இறங்கியதும், சரோஜாம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, எட்டு என்றார். நான் அதை நோட்டில் எழுதப் போனேன். விடவில்லை. நான் போனதும் செந்தில் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த நோட்டைத்தானாம். ஒரு தடவை ஐந்து என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பூராவும் சாப்பிடாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதானாம். "வீட்டு நோட்டுல ரெண்டே இருக்கட்டும் சிஸ்டர். எட்டை நீங்க வச்சுக்கங்க."

பாதி மாத்திரை

வைத்துக்கொண்டேன். வீட்டு நோட்டில் இரண்டு, என் நோட்டில் எட்டு. டாக்டரிடம் எட்டு என்றேன், மாத்திரையை இரண்டு மடங்காக்கச் சொன்னார். செந்திலிடம் மணி வாரியாகச் சொல்லிக் கொடுத்தேன், தலையாட்டினான். அம்மாவுக்கு வலி தீர்ந்தது, மகனுக்கு மனசு கோணவில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தென்னூரில் என் வீடு வந்து சேர்ந்தேன். அது வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை போனபோது சரோஜாம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கிடந்தார். மாத்திரை அட்டையைப் பார்த்தேன். தீர்ந்திருக்க வேண்டியதில் பாதி அப்படியே இருந்தது. மார்ஃபின் என்றாலே செந்திலுக்குப் பயம். "நோட்டுல ரெண்டுன்னுதானே போட்டிருந்தீங்க? ரெண்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு பாதிதான் கொடுத்தேன்" என்றான். அவன்மேல் என்ன தப்பு? இன்னொரு மாத்திரை கொடு என்று கேட்டால் எட்டைச் சொல்ல வேண்டிவரும் என்று அந்தம்மா மூன்று நாள் வாயில் துணியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மூன்று நாளும் என் கணக்கில்தான் சேரும். என்னை நான் மன்னிக்கவில்லை.

மாத்திரையைக் கொடுத்தேன். அவன் கண் முன்னாலேயே இரண்டை அடித்துவிட்டு எட்டு என்று எழுதி, நடந்ததைச் சொன்னேன். செந்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அரைமணி நேரம் கழித்துத்தான் சரோஜாம்மாவின் தாடை இறுக்கம் விட்டது. மன்னிச்சுக்கங்கம்மா என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவன் மொகத்தப் பாருங்க. இதுக்குத்தான் சிஸ்டர் ரெண்டுன்னு சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் நான் சந்தேகமில்லாமல் பூஜ்யம் எழுதியதெல்லாம், வாசலில் சாமியானா போட்ட பிறகு நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட வீடுகளில்தான்.