அமலம்மாவின் ஒன்றாம் எண்

புதன்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டு உட்காரப் போனேன். தொலைபேசி அடித்தது. அமலம்மாவின் கணவர் சூசைராஜ் பேசினார்.

“சார், அமலோற்பவம் போயிருச்சு. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

முந்தின நாள் மாலைகூட என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சூசைராஜ் சற்றுத் தயங்கினார்.

“ஒரு உதவி சார். அது போட்டோ ஏதும் நம்ம ஆபீஸ்ல கெடக்கா? கோயில்ல அடக்கப் பூசைக்கு வைக்கணும்னு கேக்குறாக. வீட்டுல ஒண்ணுகூட இல்ல. கல்யாணப் போட்டோவையும் கரையான் தின்னுருச்சு.”

பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பதினெட்டு வருடம் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவருக்கு வீட்டில் ஒரு போட்டோ இல்லை.

அமலோற்பவ மேரி அவர்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைவீதியில் கல்லுக்கட்டிப் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்தும் வேலை அவருடையது. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவ்வைத் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மறைப்பார். காரைக்குடியில் எத்தனையோ வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முகங்கள் அவர் கைபட்டவை. கலர் படம் வந்தபின் அந்த வேலை குறைந்துபோக, தொண்ணூற்றேழில் எங்களிடம் வந்தார். நான் அப்போது செட்டிநாட்டுக் குடும்பங்களுக்காக ஒரு வரன் பார்க்கும் இணையத்தளம் தொடங்கியிருந்தேன். வருகிற படங்களை ஸ்கேன் செய்ய ஆள் தேவைப்பட்டது.

“கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியாது சார். மூஞ்சி தெரியும்” என்றார்.

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஸ்கேன் செய்த படத்துக்கெல்லாம் வெறும் எண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயரையே போட்டால் தேடச் சுலபமாக இருக்குமே என்றேன். “ஸ்டூடியோவுல கவர் மேல பேரை எழுதுனா அன்னைக்கே கடையைச் சாத்த வேண்டியதுதான் சார். ஒரே பேருல பத்துப் பேரு வருவாக. நம்பர்தான் போடணும். பேரைத் தனியா நோட்டுல எழுதிக்கலாம்” என்றார். பழைய பழக்கம், விட்டுத் தொலைவோம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் படங்களை நேரடியாகத் தளத்திலேயே ஏற்ற வழி கேட்டார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அனுப்புகிறவர் என்ன பெயரில் அனுப்புகிறாரோ அதே பெயரில், எல்லோரும் பார்க்கிற ஃபோல்டருக்குள் படம் போய் உட்கார்ந்துவிடும். இந்த ஊரிலேயே இதைச் செய்த முதல் ஆள் நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அமலம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வந்தது போட்டோதான்னு எப்படித் தெரியும் சார்?”

“பேர்லயே ஜேபெக்னு இருக்கே. ஜேபெக்னா போட்டோதான்.”

“பேரு வச்சது யாரு?”

“அனுப்புறவங்க.”

“அப்ப முன்னப்பின்ன தெரியாத ஆளு சொல்றதை நம்பி, நேரா நடுவீட்டுக்குள்ள விட்டுருக்கீக.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “நீங்க ஸ்கேனரை மட்டும் பாருங்க” என்று கத்திவிட்டேன். அவர் அங்குட்டுப் போய் ஸ்கேனரைப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து உமையாள் ஆச்சி என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கோலாலம்பூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாக தம்பி. எம் மகளைப் பாத்துட்டு, படத்துல இருந்த புள்ள எங்கன்னு கேட்டாக. எம் புள்ள உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. படத்தை மாத்தி வச்சு ஏமாத்துறீகளான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.”

ஆச்சியின் மகள் பெயர் மெய்யம்மை. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் இந்தச் சீமையில் எத்தனை மெய்யம்மைகள்! ஆச்சி குடும்பம் இளையாத்தங்குடிக் கோயில்; இங்கே குலப் பிரிவைக் கோயில் பெயரால்தான் சொல்வார்கள். வேறு கோயிலைச் சேர்ந்த இன்னொரு மெய்யம்மையின் படத்தை அவருடைய சித்தப்பா அதே பெயரில் அனுப்பியிருக்கிறார். என் புரோகிராம் முதல் படத்தின் மேல் இரண்டாவதை எழுதி, முதலாவதை அழித்துவிட்டது. ஒருவர் ஜாதகத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் முகம் இருந்திருக்கிறது.

மறுநாள் நானும் அமலம்மாவும் ஆச்சி வீட்டுக்குப் போனோம். நான் ஏதேதோ விளக்கம் சொன்னேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “என் படம் எங்க போச்சு?” அமலம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். “தப்பு எங்க மேலதான் ஆத்தா. உன் மேலயும் இல்ல, உங்க அம்மா மேலயும் இல்ல. கோலாலம்பூர்க்காரவுகளுக்கு நானே எழுதிப் போடுறேன். இனிமே யாரு படத்து மேலயும் யாரு படமும் ஒக்காராது.” சொன்னபடி அன்றைக்கே கடிதம் எழுதினார். திரும்பி வரும் பஸ்ஸில், நான் சொன்னேனே என்று ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை. அதைவிடத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அலுவலகத்துக்கு வந்து, தளத்தில் படம் ஏற்றும் பக்கத்தை மூடினேன். “நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன்” என்றேன். அடுத்த பத்து நாட்கள் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாதவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அனுப்புகிறவர் வைத்த பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு நாம் ஓர் எண் போட வேண்டும். எண் ஒருபோதும் திரும்ப வரக் கூடாது. வந்த ஃபைல் வெளியாட்கள் எட்ட முடியாத இடத்தில்தான் இருக்க வேண்டும். “நெகட்டிவ்வை யாராச்சும் ஷோகேஸ்ல வைப்பாகளா சார்? அது உள்ளதான் இருக்கணும். நாமளே ஒரு பிரிண்ட் போட்டு அதைத்தான் வெளிய வைக்கணும்” என்றார். அதாவது, வந்த படத்தை அப்படியே காட்டாமல், திறந்து, புதிதாக ஒரு பிரதியாகச் சேமித்து அந்தப் பிரதியை மட்டும் காட்டுவது. இத்தனை அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவது. அவர் கண்ணால் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

படம்தானா என்று தெரிந்துகொள்ள அவர் கண்டுபிடித்த வழிதான் என்னை வாயடைக்க வைத்தது. எங்களிடம் இருந்த நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக, எழுத்து அடிக்கும் புரோகிராமில் திறந்து பார்த்திருக்கிறார். கிறுக்கல் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆனால் ஜேபெக் என்றால் தொடக்கத்தில் இன்ன எழுத்து, ஜிஃப் வகைப் படம் என்றால் இன்ன எழுத்து என்று நோட்டில் குறித்துவைத்திருந்தார். “பேரை யாரு வேணாலும் வச்சுக்கலாம். மூஞ்சி உள்ளதான இருக்கு” என்றார். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை.

புதிய புரோகிராமைச் சோதிக்க ஏதாவது ஒரு பெண்ணின் படத்தை எடுத்தேன். சட்டென்று தடுத்தார். “ஊரான் வீட்டுப் புள்ளையை வச்சுச் சோதிக்க வேணாம்.” தன் பர்ஸிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். புது லென்ஸ் வந்தபோது சரிபார்க்க ஸ்டூடியோ முதலாளி எடுத்த படமாம். “முதல்ல என்னைய அனுப்பிப் பாருங்க. தொலைஞ்சா நான்தான தொலைவேன்.” ஸ்கேன் செய்து அனுப்பினோம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சிரித்துக்கொண்டே, புது முறைக்காகத் தொடங்கிய புது நோட்டில் வரவு வைத்துவிட்டு, அவருடைய சோற்று டப்பாவைத் திறந்தார். அன்று எனக்கும் பாதி கொடுத்தார்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஒருநாள் காலை, “சார், இங்குட்டு வாங்க. இதுக்கு மூஞ்சியே இல்ல” என்று கூப்பிட்டார். படம் என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்திருந்தது. பெயரில் ஜேபெக் இருந்தது, அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்து படித்தேன். அது ஒரு புரோகிராம். தளத்தை நடத்தும் சர்வர் அந்த வாலைப் பார்த்து அதை ஓட்டினால், எங்கள் ஃபோல்டரில் இருக்கும் படம், ஜாதகம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே அனுப்பிவிடும். என் பழைய புரோகிராம் பெயரில் ஜேபெக் இருக்கிறதா என்று மட்டும்தானே பார்த்தது? உள்ளே விட்டிருக்கும். யாரோ ஒருவர் அதன் முகவரியைத் தட்டியிருந்தால் ஓடியும் இருக்கும். எத்தனை வீட்டுப் பெண்களின் படங்கள்! புதிய முறையில் அது வாலை இழந்து, ஒரு வெறும் எண்ணாக, ஓட முடியாத இடத்தில் செத்துக் கிடந்தது.

நான் எழுந்து நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “என்ன சார் செய்றீக, கிறுக்கா ஒங்களுக்கு? ஒக்காருங்க” என்று அதட்டினார். இந்தத் தையில் மெய்யம்மையின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அமலம்மாவின் பெயருக்குத் தனி உறை இருந்தது.

புதன்கிழமை சூசைராஜிடம் பேசிய பிறகு மேசை, அலமாரி எல்லாம் தேடிப் பார்த்தேன். அப்புறம்தான் சோதிக்க அனுப்பிய படம் நினைவு வந்தது; பர்ஸில் இருந்த அசல் எப்போதோ மழையில் நனைந்து போயிருந்தது, ஸ்கேன் செய்தது இருக்குமே. அவருடைய அந்தப் புது நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றாம் எண்ணுக்கு எதிரே அவர் கையெழுத்தில் ‘நான்’ என்று இருந்தது. அந்த எண்ணுள்ள ஃபைலை நேரே திறக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். முதல் எழுத்துகளைச் சரிபார்த்தேன். பார்க்காமல் திறந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது. அதன்பின் திறந்தேன். முப்பது வயது அமலம்மா, லென்ஸைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியோரம் ஒரு தழும்பு இருந்தது. ஊருக்கெல்லாம் தழும்பை மறைத்தவர் தன்னுடையதைத் தொடவே இல்லை.

வந்த படத்தை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, புதிதாக ஒரு பிரதி எடுத்து, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூசைராஜ் அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார். கோயிலில் பீடத்துக்கு முன்னால், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள்.

நீங்கள் தொலையவில்லை அமலம்மா. ஒன்றாம் எண்ணில் பத்திரமாக இருக்கிறீர்கள். அந்த எண்ணை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். போய் வாருங்கள்.